இருபத்தொன்பதாம் எண்

இருபத்தொன்பதாம் எண் தூங்குவதில்லை.
பதினோரு இரவாக.
பகலில் கல் உடைக்கும் துடிப்பு,
இரவில் அதைவிட அதிகம்.
திரையில் கோடு ஏறுகிறது,
இறங்கவே மாட்டேன் என்கிறது.

"கருவி பழுது, போய் மாற்றிவிட்டு வா"
என்றார் வாகடூகுவிலிருந்து டாக்டர் கொனாத்தே.
அவர் அறையில் ஏசி ஓடும் சத்தம்
போனிலேயே கேட்டது.

ஏப்ரல்.
பள்ளிக்கூரையில் நாங்கள் நட்ட வானிலைக் கம்பம்
நாற்பத்து மூன்று காட்டியது.
கம்பத்தளவே இருந்த நிழலில்
ஒடுங்கிக் கிடந்தது ஓர் ஓணான்.
மாற்றுப் பட்டையை ஈரத்துணியில் சுற்றி
மருந்து மாதிரி எடுத்துப் போனேன்.

கல்குழியில் ரசமாத்தா.
ஒரு டயர் அவளுக்கு இருக்கை,
இன்னொரு டயரின் வளையத்துக்குள் கருங்கல்,
சில்லு சிதறாமலிருக்க.
இடது மணிக்கட்டில் எங்கள் பட்டை
பச்சையாய் மின்னிக்கொண்டுதான் இருந்தது.

"ராத்திரி தூங்குவதில்லையா?"
"இந்தப் புழுக்கத்தில் தகரத்துக்கடியில் எவள் தூங்குவாள்?
வாசலில் படுப்பேன்.
நடுச்சாமத்துக்கு மேல் கண் அசரும்."

தாளை விரித்து அந்த மலையைக் காட்டினேன்.
அதிகாலை மூன்று மணி. நூற்று நாற்பத்தாறு.
"அப்படியானால் இது யார்?"

சுத்தியலைக் கீழே வைத்தாள்.
"போக்கோ."

போக்கோ அவள் ஓரகத்தி.
அந்தி சாய்ந்ததும் சிவப்புச் சோளத்தில் பீர் காய்ச்சுகிறவள்.
மூன்று பானை, ஒரே நெருப்பு,
விடியும்வரை கையில் துடுப்பு.

"குலுக்கலில் என் பெயர் வந்தது,
அவள் பெயர் வரவில்லை.
போன வருஷம் இதே மாதம்
அடுப்படியிலேயே விழுந்துவிட்டாள்.
இது நெஞ்சைப் பார்த்துக்கொள்ளும் என்றாயே,
ராத்திரிக்கு அவளுக்குக் கட்டிவிட்டேன்."

பார்க்கும் என்றுதான் சொன்னேன்.
பார்த்துக்கொள்ளும் என்று
அவள் காதில் விழுந்திருக்கிறது.

அளப்பது வேறு, காப்பது வேறு என்று
படிவத்தின் ஏழாம் பத்தியில் இருக்கிறது.
அதற்குக் கீழேதான் அவள் கைநாட்டு.
நீல மை, கொஞ்சம் இழுபட்டு.

பட்டையைக் கழற்றிப் பார்த்தேன்.
ரசமாத்தாவின் மணிக்கட்டில்
வெளிறிய வளையம், வெயில் தொடாத இடம்.
சாயங்காலம் போக்கோவின் கையைப் பிடித்துப் பார்த்தேன்.
ஒரு தடமும் இல்லை.
நெருப்பு அப்படி எதையும்
எழுதி வைப்பதில்லை.

மருந்தகம் ஒன்பது கிலோமீட்டர்.
பின்னிருக்கையில் அவள்,
ஊறப்போட்ட சோளத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்:
இன்றிரவு காய்ச்சாவிட்டால் புளித்துவிடும்,
நாளை சந்தை.
நர்ஸ் இரண்டு தரம் அழுத்தம் பார்த்தார்,
உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்,
பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதினார்.
போக்கோ அதை நாலாக மடித்து
முந்தியில் முடிந்துகொண்டாள்.
அவிழ்ப்பாளா, தெரியாது.
எட்டு மணிக்கு நெருப்பு மூட்டிவிட்டாள்.

பதினோரு இரவையும் அழிக்கச் சொல்லி உத்தரவு.
அழித்தேன்.
ஒவ்வொரு இரவுக்கும் ஒருமுறை கேட்டது இயந்திரம்,
உறுதியா என்று.
காரணம் எழுதும் கட்டத்தில்
'இருவர்' என்று மட்டும் எழுதினேன்.
இன்னொரு பட்டை கேட்டேன்.
மாதிரி நிறைவுற்றது என்று பதில் வந்தது,
கீழே ஒரு கேள்வியும்:
இருவர் என்றால்?
இன்னும் பதில் போடவில்லை.

இந்த வாரம் இருபத்தொன்பதாம் எண்
நாலரை மணி நேரம் தூங்குகிறது.
கோடு அழகாக இறங்கி
அழகாக ஏறுகிறது.
டாக்டருக்குத் திருப்தி.

மூன்று மணிக்கு எனக்குத்தான் விழிப்பு வந்துவிடுகிறது.
வெளியே வந்து பார்த்தால் கம்பத்தில் முப்பத்து நான்கு.
காற்றே இல்லை.
ஊரின் அந்தக் கோடியில்
நேராக எழுந்து நிற்கிறது புகை.