முன்வளையம்

கழுத்துப்பட்டையை இழுத்து இழுத்து
இருமத் தொடங்கியிருந்தாள் சீலா.
தங்கச்சிமடத்தில் கருவாடு காயும் பக்கம்தான்
அவளுக்குத் திசை.

முதல் ஹார்னஸ், ராமநாதபுரத்தில் வாங்கியது,
அக்குளில் உரசியது.
உப்புக்காற்றும் மணலும் சேர்ந்து
முடி கொட்டித் தோல் சிவந்துவிட்டது.
இரண்டாவதிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடி
பெர்க்மான்ஸ் கூடையில் வாய்வைத்தாள்.
நெத்திலி. நூற்றைம்பது ரூபாய்.

மூன்றாவதை
நைந்த லைஃப் ஜாக்கெட்டில் நானே தைத்தேன்:
இரண்டு விரல் நுழையும் இடைவெளி,
நெஞ்செலும்பின் மேல்
துருப்பிடிக்காத படகு வளையம்.

இழுத்தாள்.
இழுத்த வேகத்திலேயே திரும்பி
என் முகத்தைப் பார்த்தாள்.

மூன்று வருசமாய் இந்தக் கரையில்
வாலை மட்டும் பார்த்து நடந்திருக்கிறேன்.
இடது கண்ணுக்கு மேல்
நரை விழுந்திருப்பது
இன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, வா.
கருவாட்டுப் பக்கமே போவோம்.