பதினோராம் கட்டில்

இரவுப் பணி முடிந்து வந்து
ஃபஹாஹீல் குடியிருப்பின் லிஃப்ட் கண்ணாடியில்
முகத்தைச் சரிசெய்துகொண்டுதான்
கதவைத் திறக்கிறேன்.

வெள்ளிக்கிழமை. ஜெனோவா கம்பளத்தில் குப்புறக் கிடந்து
தொடர் பார்க்கிறாள்.
விண்கலத்தில் ஒரு சிறுமி.
யாருக்கு வலித்தாலும்
அவள் நெற்றியில் நீலம் எரியும்,
பின்னால் வயலின் இழுக்கும்,
மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம்.

என் மகளின் நெற்றியில் ஒன்றுமில்லை,
நேற்றைய பேனாக் கிறுக்கலைத் தவிர.
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்
சத்தத்தை இரண்டு புள்ளி குறைத்துவிட்டுக் கேட்கிறாள்:
"எந்தக் கட்டில், மம்மி?"

யாருமில்லையே என்கிறேன்.
குப்பூஸைச் சூடாக்கப் போகிறேன்.

பதினொன்று.
வெயிலில் சுருண்டு விழுந்தவர், சில்ஹெட்காரர்.
கடைசியில் என்னை யார் பெயரோ சொல்லி அழைத்தார்.
அந்தப் பெயருக்கு நான் 'ம்' கொட்டினேன்.

கூடத்தில் கலத்தின் தலைவர் உத்தரவிடுகிறார்:
ஈயச் சுவர் அறைக்குள் வையுங்கள் அவளை,
எதுவும் எட்டக்கூடாது.
நல்ல மனிதர்.
எனக்கும் வேண்டும் அப்படி ஓர் அறை.
இங்கிருக்கும் ஒற்றைப் படுக்கையறைக் கதவோ
ஏ.சி. குழாயில் இடித்து
முழுதாய்ச் சாத்துவதில்லை.

கருகல் வாசனை எனக்கு எட்டுமுன்
அவள் வந்து அடுப்பை அணைக்கிறாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது,
பார்க்க ஆளில்லாமல்.