வயதுக்கு மூன்று கட்டம்

கீழ்ப்பாக்கம் ஸ்கேன் சென்டரில்
இரவு ஒரு மணிக்கு மேல் மெஷின் சும்மாதான் கிடக்கும்.
பாதிக் கட்டணம், ரசீது உண்டு.
அப்படித்தான் ஹமீதா பர்வீன்
காய்கறிக் கூடையில் போர்வை சுற்றிக் கொண்டுவந்தாள்
அந்தக் கல்லை.
எந்தக் குளிர்நாட்டு ஆற்றுப்படுகையோ.
மியூசியம் கடிதம், மூன்று சீல்,
வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும்.

பெயர் போடாமல் மெஷின் திறக்காது.
கல்மீன் என்று அடித்தேன்.
ஆணா பெண்ணா என்றது, எதையோ தொட்டேன்.
வயதுக்கு மூன்றே கட்டம்.
முப்பத்தெட்டுக் கோடி என்றாள் அவள்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

மீனுக்கென்று தனி பட்டன் இல்லை. நெஞ்சு பட்டனை அழுத்தினேன்.
படுக்கை உள்ளே நகர,
யாரோ ஒருத்தி எப்போதோ பதிந்துவைத்த குரல்
எல்லோருக்கும் சொல்வதையே கல்லுக்கும் சொன்னது:
மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க.

இருபது வருஷத்தில்
இத்தனை ஒழுங்கான பேஷண்ட் எனக்கு வாய்த்ததில்லை.

மண்டை முதலில் வந்தது.
ஒரே ஓடு இல்லை, நடுவில் ஒரு கீல்.
முன்பாதி சற்றே தூக்கி
இரை வந்ததும் விழும், ஷட்டர் மாதிரி.
பல்லைக் குறுக்கே வெட்டினால்
உள்ளே சேலைக் கொசுவம், மடிப்பு மேல் மடிப்பு.
முதுகில் ஒரு நாண் ஓடுகிறது,
அதைச் சுற்றி அரைவட்ட எலும்புகள்,
மூட மறந்த வளையல்கள்.
கழுத்து?
கழுத்தே கிடையாது.
தோளெலும்பு மண்டையோடு பூட்டியிருக்கிறது.
பின்னால் சத்தம் கேட்டால்
முழு உடம்போடுதான் திரும்பியிருக்க வேண்டும்.

பிறகு துடுப்பு.

தோளிலிருந்து ஓர் எலும்பு.
அதன் கீழ் இரண்டு.
அதற்கும் கீழ் பொடிப்பொடியாய்,
அப்புறம் வெறும் விசிறி.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன்.
ஒன்று, இரண்டு, பொடி:
பைக்கில் விழுந்தவன், பாத்ரூமில் வழுக்கியவள்,
தினமும் நான் எண்ணுகிற எண்ணிக்கை.

"நடந்துதா இது?"
"எல்லாரும் இதையே கேக்கறாங்க," என்றாள் ஹமீதா.
"நடக்கலை. பாசிக்குள்ள அசையாம நின்னுச்சு,
இரை வந்தா ஒரு உந்து.
கரைங்கற நெனப்பே அதுக்கு இல்லை."
பாதியில் ஸ்கேனை நிறுத்தினேன்.
கதவு தட்டுகிறார்கள்.

கழுத்தைத் திருப்பினேன். என்னால் முடிகிறது.
காசிமேட்டு தேசப்பன்.
படகில் விஞ்ச் கயிறு அறுந்து அடித்ததாம்,
இடது முழங்கை பூசணிக்காயாய் வீங்கியிருந்தது.
வலியோடு திரையைப் பார்த்தார்.
"யாரு கையி இது?"
மீன் என்றாள் ஹமீதா.
"சும்மா சொல்லாதம்மா.
வஞ்சரம், சீலா, கெளுத்தி, எத்தினி அறுத்திருப்பேன்,
எந்தத் துடுப்புலயும் இந்த மாரி கிடையாது. முள்ளுதான்."
"அதெல்லாம் வேற வழியா போனதுங்க அண்ணே.
இது நம்ம பக்கத்துச் சொந்தம்."

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்ப தப்பு பண்ணது இதுதான்.
முள்ளாவே வுட்டிருந்தா
எனக்கு இன்னிக்கு ஒடைஞ்சிருக்குமா?"

அவர் படத்தில் ஒன்று சரியாக இருந்தது.
இரண்டில் ஒன்று மூன்றாகியிருந்தது.
அவர் எண்ணவில்லை. நானும் சொல்லவில்லை,
அது டாக்டர் சொல்ல வேண்டியது.

மிச்ச மீனையும் எடுத்து முடித்து
ஹமீதா ஆட்டோ ஏறியபோது மணி நாலேகால்.
மடியில் கூடை, கூடைமேல் இரு கையும்.

ஃபைலை மூடினேன்.
நான் நிறுத்தியதில் தொக்கி நின்ற வாக்கியம்
காலி அறைக்குள் வந்தது:
மூச்சை விடலாம்.

பட்டியலில் தேசப்பன் 47,
அதற்கு மேலே கல்மீன் 999.
வெளியே பால் வண்டி.
இடது தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்தேன்.
சொடக்கென்றது.