பதினேழாவது கட்டம்

கடன் படிவம் இந்த ஏப்ரலில் மாறியது.
பதினாறு வரைக்கும் பழைய கேள்விகள்தான்.
பதினேழில்:
அடமானச் சொத்துக்கும் கடலுக்கும் உள்ள தூரம், மீட்டரில்.

சிங்காரத்தோப்பிலிருந்து வந்திருந்தார்
ஐஸ் கம்பெனி ருக்மாங்கதன்.
மஞ்சள் பையிலிருந்து கரண்ட் பில்லைத்தான்
முதலில் எடுத்து வைத்தார்.
'மாசம் ஒன்னே முக்கால் லட்சம் மேடம்.
ஐஸ் விக்கிறேனா கரண்ட் விக்கிறேனா,
எனக்கே தெரியல.
மேல சோலார் போட்டா பாதியாவது குறையும்.'

சோலாருக்குப் பணம் இருக்கிறது.
திங்கள்தோறும் தலைமை அலுவலகம் கேட்கிறது,
பசுமைக் கடன் எவ்வளவு கொடுத்தீர்கள்,
ஏன் கொடுக்கவில்லை.
இலக்கில் நான் பாதியைக்கூடத் தொடவில்லை.
ருக்மாங்கதன்
தானாக வந்து வாசலில் நின்ற சாமி.

நூற்றுப்பத்து என்று அடித்தேன்.
திரை சிவந்தது.
வட்டி முக்கால் சதவீதம் ஏறியது.
காப்பீடு கட்டாயம் என்றது.
காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன் செய்தால்
அந்தப் பின்கோடுக்கு இப்போது எடுப்பதில்லை, மேடம்.

'தானே புயலப்போ நூத்தியெண்பது இருந்துச்சு,'
என்றார், எனக்கு உதவுகிற குரலில்.
'அதையே எழுதிக்கலாமா?'

டேப் பிடித்து அளக்க வேண்டும் என்கிறது விதி.
ஓதம் ஏறும்போதா வற்றும்போதா
என்று அதில் இல்லை.

என் முதுகுக்குப் பின்னால் இரும்பு அலமாரி.
நெய்வேலி நிலக்கரிக்கு ஓடிய லாரிகளின் கடன்கள்,
நாற்பத்திரண்டு கோப்பு.
ஒரு தவணை தவறியதில்லை.
லாரிக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம் என்று
எந்தக் கட்டமும் கேட்டதில்லை.
அதில் ஒருவரின் மகன்
போன வாரம் வந்தான், வடலூரிலிருந்து.
சோலார் ஏஜென்சி வைக்கிறானாம்.
முப்பதாயிரம் மீட்டருக்கு மேல்.
டீ வருவதற்குள் பச்சை.

மதியம், கூட்டம் இல்லாத நேரத்தில்
எங்கள் கிளையின் முகவரியை அடித்துப் பார்த்தேன்.
அறுநூற்று நாற்பது.
ஆரஞ்சு.
யாரும் பார்ப்பதற்குள் அழித்தேன்.

ருக்மாங்கதன் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று போனார்.
நூற்றுப்பத்தை நான் திருத்தவில்லை.
அனுப்பவும் இல்லை.
அவர் உட்கார்ந்த நாற்காலிக்கு அடியில்
செருப்போடு வந்த தண்ணீர்
காய்ந்துகொண்டிருக்கிறது,
ஓரங்களில் வெள்ளையாக.