கூட யாரு வர்றாங்க?

சிதம்பரத்தில் ஏறிய பேருந்து
மாட்டுத்தாவணியில் என்னை இறக்கிவிட்டபோது
மணி பதினொன்று ஐம்பது.
இருட்டில் மலை ஏறுவதில்லை என்பது
நான் எனக்குப் போட்டுக்கொண்ட ஒரே விதி.
போடிமெட்டு நாளைக்கு.
ஆக, மதுரையில் எனக்கு ஐந்து மணி நேரம்.

கையில் ஆயிரத்து எழுநூற்று நாற்பது.
அதில் அறைக்கென்று
தனியே மடித்து வைத்தது நானூறு.

முதல் விடுதியில்
மேஜைக்காரர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.
கூட யாரு வர்றாங்க?
யாருமில்லை என்றேன்.
பேனாவை மூடினார்.
மூடி விழும் சத்தம் ரொம்பச் சின்னது.
அதற்கு மேல் பேச எதுவும் இல்லை.

இரண்டாவதில்
ஆணியில் ஏழு சாவிகள் தொங்கின. எண்ணினேன்.
ரூம் ஃபுல்லும்மா.

மூன்றாவதில் ஒரு பையன்,
ஆதார் அட்டையை முன்னும் பின்னும் திருப்பி
தில்லைநாயகி, நாற்பத்தொன்று என்று
வாய்விட்டு வாசித்தான்.
எனக்கு ஒண்ணுமில்லக்கா, ஓனர்தான்.
குளிர்ந்த தண்ணீர் பாட்டில் ஒன்று எடுத்து நீட்டினான்.
இருபது ரூபாய் வாங்கிக்கொண்டான்.

தூங்கா நகரம் என்று
பள்ளிக்கூடத்தில் படித்தபோது
அதைப் பெருமை என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டு பரோட்டா, சால்னா, முப்பது ரூபாய்.
கொத்துக்கல்லின் இரும்புச் சத்தத்துக்கு அடியில்
ஒரு நாய் காலை நீட்டித் தூங்கியது.
அதை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு பூச்சந்தை.
வாசனை வந்தது என்று எழுதினால் பாதிப் பொய்.
ஈரச்சாக்கு, டீசல், அழுகிய சம்பங்கி,
அதற்கெல்லாம் கீழே எங்கேயோ மல்லிகை.
மூட்டை ஒன்றின் மேல் உட்காரப் போனேன்.

ஏத்தா, அதுல உக்காராத, மொட்டு வெந்துபோகும்.

ஒச்சம்மா. என் வயதுதான் இருக்கும்.
இடுப்பில் பணப்பை, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்,
போனுக்குள் திண்டுக்கல்காரன் ஒருவன்.
நீ கேக்குற வெலைக்கு நாரு தாரேன், பூவு வராது
என்று அவனை முடித்துவிட்டு
என் பக்கம் திரும்பினாள்.
கூட யாரு என்று தொடங்குவாள்.
பதிலை நாக்கு நுனியில் எடுத்து வைத்திருந்தேன்.

எழுதத் தெரியுமா? கணக்கெழுதுற பய வரல.

அவள் எடை சொன்னாள், நான் எழுதினேன்.
செக்கானூரணி பின்னியம்மா, ஒன்பது கிலோ.
வலையங்குளம் சோலை.
பாலமேட்டிலிருந்து பெயர் சொல்லாத ஒருவர், இரண்டே கால்,
அதையும் எழுது, பாலமேடுன்னு போடு போதும்.
பேரேட்டின் ஓரமெல்லாம் ஈரம்,
பேனா அங்கங்கே வழுக்கியது.
தராசு முள் நிற்பதற்குள்ளேயே
அவள் அடுத்த மூட்டைக்குப் போய்விடுவாள்.

மூன்றரைக்கு
காலிச்சாக்கு நாலைந்தை உதறிப் போட்டு, சாய்ந்துக்க என்றாள்.
நாற்பது நிமிடம் தூங்கியிருப்பேன்.
எழுந்தபோது என்மேல் ஒரு துண்டு கிடந்தது.
யாருடையதோ, பீடி வாசனை.
மடித்து சாக்கின் மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

கூலி நூற்றைம்பது.
வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன்.
ஒருமுறைதான்.

ஆரப்பாளையம் போகும் நகரப் பேருந்தில்
பெண்களுக்குக் கட்டணமில்லை.
நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்,
எதற்கு, யாரோடு, ஒன்றுமில்லை.
கோபுரம் எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை.
பாலத்துக்குக் கீழே வைகை.
தண்ணீர் ஓடியதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தேனி வண்டியில் சன்னலோரம்.
மடித்து வைத்த நானூறு மடிப்புக் கலையாமல் இருந்தது.
உசிலம்பட்டி நெருங்கும்போது வெளுத்துவிட்டது,
அப்போதுதான் திடீரென்று அந்தச் சந்தேகம்.

வலையங்குளம் சோலைக்கு
ஏழு கிலோ என்று எழுதினேனா, பதினேழா?

ஒச்சம்மாவின் போன் எண் என்னிடம் இல்லை.
என் பெயரை அவள் கேட்கவே இல்லை.

ஏழுதான்.
ஏழாகத்தான் இருக்க வேண்டும்.