காலடி விளக்கு

தொண்ணூற்று நாலாம் வருஷத்து நிசான்.
மூன்று பேர் ஓட்டித் தேய்த்த பிறகு
என் கைக்கு வந்தது.
ஷேர் டாக்சி. நாலு இருக்கை, ஒரே தடம்:
துறைமுகத்திலிருந்து மேட்டுக் குடியிருப்பு வரை.
கூரை விளக்கு நான் வாங்கும்போதே செத்திருந்தது.
புன்டா அரெனாஸில் ஜூன் மாதம்
ஐந்தரைக்கே இருட்டிவிடும்.
சில்லறை விழுந்தால் விழுந்ததுதான்.
இருக்கைக்கடியில் யார் யாருடைய பேசோ கிடக்கிறதோ,
அது கடவுள் கணக்கு.

வரியில்லாக் கடைவீதியில்
ஐந்து மீட்டர் எல்.இ.டி. பட்டை வாங்கினேன்.
பதினாறு நிறம், ரிமோட் இலவசம்.
மச்சினன் எலியோடோரோ சிரித்தான்:
"கிழவிக்கு ஜிமிக்கியா?"
ஆமாம், ஜிமிக்கிதான்.

குளிரில் பசை பிடிக்காது.
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து,
மனைவியின் ஹேர் டிரையரால் கூரையைச் சூடேற்றி,
பெருவிரலால் அழுத்திக்கொண்டே போனேன்,
பிள்ளையின் முட்டியில் பிளாஸ்திரி ஒட்டுகிற மாதிரி.
தூண் மூடியைக் கழற்றும்போது
ஒரு கிளிப் டக்கென்று உடைந்தது.
இன்றும் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம்
அது தன் குறையைச் சொல்கிறது.
பிளஸ் எப்போதும் உயிரோடிருக்கும்,
கதவு திறந்தால்தான் மைனஸ் வரும்.
இந்தச் சின்ன விஷயம் புரிய
ஒரு பேட்டரியைச் சாகடிக்க வேண்டியிருந்தது.

முதலில் நீலம் வைத்தேன்.
ஏறியவர்கள் எல்லாரும்
பிணவறையிலிருந்து வீடு திரும்புகிறவர்களாகத் தெரிந்தார்கள்.
சிவப்பு வைத்த அன்று
தோன்யா எடெல்மீரா சிலுவை போட்டுக்கொண்டு
அடுத்த வண்டிக்கு நின்றுவிட்டாள்.
கடைசியில் மஞ்சள் கலந்த வெள்ளை.
"வீட்டுக் கூடம் மாதிரி இருக்கு" என்றான் ஒரு மாலுமி.
அன்று முழுக்க எனக்குத் தலை கால் புரியவில்லை.

இரவு ஒன்பதுக்கு
நண்டு ஆலை நிறுத்தம்.
இரண்டு குளிர்காலமாக அவள் ஏறுகிறாள்.
பின்னால், இடது ஓரம்.
குளோரின் வாசனையும் மூன்று சொல்லும்தான்
எனக்குத் தெரிந்த அவள்:
"அந்த மூலையில் நிறுத்துங்க."

கதவு திறந்தது. கூரை எரிந்தது.
அழுதுகொண்டிருந்தாள்.
அப்போது ஆரம்பித்த அழுகை இல்லை,
வேலைபோலப் பழகிய அழுகை.
கூச்சத்துக்குக் கண்ணை மறைக்கிற கை இல்லை அது.
குளியலறைக் கதவை
யாரோ தள்ளித் திறந்துவிட்டபோது
எழுகிற கை.

ஏறினாள். கதவு மூடியது. இருட்டு.
"அந்த மூலையில் நிறுத்துங்க."
குரலில் ஒரு சொட்டு ஈரமில்லை.

மறுநாள் அவள் இல்லை.
அதற்கு மறுநாளும்.

ஞாயிற்றுக்கிழமை
கூரைப் பட்டையை உரித்தேன்.
துணியும் கொஞ்சம் கூடவே வந்தது.
எலியோடோரோ ஏன் என்று கேட்டான்.
பளபளப்பு அதிகம் என்றேன்.
இருக்கைகளுக்கு அடியில், தரையைப் பார்க்க ஒட்டினேன்.
அதற்காகக் குனிந்தபோது கிடைத்தவை:
இரண்டாயிரத்து முந்நூறு பேசோ,
ஒற்றைக் கம்மல்,
காய்ந்த ஒரு மீன் செதில்.

இப்போது கதவு திறந்தால்
முழங்காலுக்கு மேல் யாரும் இல்லை.
மாலுமியின் குதிகால் தேய்ந்த பூட்ஸ்.
செவிலியின் வெள்ளைச் செருப்பு, பனியில் அதை ஏன் போடுகிறாளோ.
கயிறு அவிழ்ந்த பள்ளிக்கூடச் ஷூ.
மிதியடியில் உருகும் பனியெல்லாம்
ஒரே நிறம்.

வியாழன் ஒன்பது மணி.
வெள்ளை ரப்பர் பூட்ஸ்.
நுனியில் ஒட்டிய சிவப்பு ஓட்டுத் துணுக்கு.
கண்ணாடியைப் பார்க்காமல் கியர் மாற்றினேன்.
நீரிணைக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது,
நான் திரும்பத் தள்ளினேன்.
"அந்த மூலையில் நிறுத்துங்க."

இறங்கும்போது ஒரு நாணயம் நழுவியது.
திறந்த கதவு, எரியும் தரை.
விரல் வெடித்த ஒரு கை
வெளிச்சத்துக்குள் வந்து
நேராக அதன்மேல் இறங்கியது.

"கிடைச்சிடுச்சு" என்றாள்.
இரண்டு குளிர்காலத்தில் நாலாவது சொல்.
நான் பதில் யோசிப்பதற்குள்
காற்று கதவை அறைந்து சாத்தியது.