மூன்று ரூபாய் பிடித்தம்

சாமளாபுரத்தில் அப்போதெல்லாம்
தறிச்சத்தம் நின்றால்
ஒன்று கரண்டு போயிருக்கும்
இல்லை யாராவது செத்திருப்பார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து தார் சுற்றுவேன்.
பதினோரு வயது. பெட்டிக்கு அறுபது பைசா.
பாவாத்தாளுக்குப் பதினேழு.
நான்கு தறி ஓட்டுவாள்
உதட்டில் ஒரு நூலைக் கவ்விக்கொண்டு.

பாவில் இழை அறுந்தால் கூப்பிடுவாள்.
கூப்பிடுவது என்றால்,
அந்த இரைச்சலில் குரல் எடுபடாது,
தார்க்கட்டை பறந்து வந்து முதுகில் விழும்.
"கண்ணுல தேடாத அம்மிணி, வெரல்ல தேடு."
ஆயிரத்து எண்ணூறு இழைக்குள்
அறுந்தது ஒன்றே ஒன்று.
விழுதின் கண்ணில் கோத்து
அச்சுப் பல்லுக்குள் இழுத்து முடிச்சுப் போட வேண்டும்.
நகத்தால் நெருடிப் பார்ப்பாள்.
நெருடினால் பல்லால் அறுத்துவிடுவாள்.
மறுபடி.
ஒரு மார்கழி ராத்திரி பதினான்கு தடவை அறுத்தாள்.
அழுதேன்.
"அக்கட்டப் போயி அழுதுட்டு வா, பாவு நனையுது."

பிற்பாடு
தணிக்கைத் துறைத் தேர்வில் நான்கு முறை தோற்றேன்.
ஐந்தாம் முறை, கணக்கு எங்கேயோ இடித்தது.
நூற்று நாற்பது ரூபாய். எந்த வரியில் என்று தெரியவில்லை.
மேசைக்கடியில் இடதுகை விரல்கள்
இல்லாத நூலைத் தடவிக்கொண்டிருந்ததைப்
பரீட்சை முடிந்த பிறகுதான் கவனித்தேன்.

அதிலிருந்து எந்தப் பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கூப்பிட்டாலும்
பாவாத்தாளைச் சொல்லித்தான் பேசுவேன்.
பதினான்கு முடிச்சு என்றதும் கைதட்டுவார்கள்.
என் மகளுக்கும் இப்போது பதினொன்று.
தறிப்பட்டறை வாசலைக்கூட அவளை மிதிக்கவிட்டதில்லை.
இதை மேடையில் சொன்னதில்லை.

போன ஆவணியில் கருமத்தம்பட்டிக் கல்யாணத்தில்
பந்தியில் பக்கத்து இலை அவளுடையது.
வலது காது போய்விட்டதாம்.
இடப்பக்கம் வந்து உட்காரச் சொன்னாள்.
"நீங்க அன்னிக்கு விடாம அறுத்ததாலதான் அக்கா
நான் இன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.
அப்பளத்தை நொறுக்கியபடி சிரித்தாள்.
"நானெங்க கண்ணு உன்னையப் படிக்கவெச்சேன்?
துணியில முடிச்சுத் தெரிஞ்சா
பீசுக்கு மூணு ரூவா புடிச்சுக்குவாரு கவுண்டரு.
என்ற அப்பனுக்கு அப்ப ரத்த வாந்தி.
உன்ற அழுகையப் பாக்க எனக்கு எங்க நேரமிருந்துச்சு?"

சொல்லிவிட்டு
என் சேலைத் தலைப்பில் துருத்திய ஒரு நூலைப் பார்த்தாள்.
குனிந்து கடித்து எடுத்துவிட்டு
இலைக்குத் திரும்பினாள்.

மூன்று ரூபாய்.
அதைத்தான் இத்தனை வருஷம்
வேறு பெயர் சொல்லிக் கும்பிட்டிருக்கிறேன்.
அந்தப் பெயரும் பொய்யில்லை.

நன்றி அக்கா என்றேன்.
மண்டபத்தில் மேளம் எழும்பிவிட்டது.
ரசம் வேண்டுமா என்று கேட்கிறேன் போல என நினைத்து
கையால் இலையை மறித்தாள்.
இன்னும் கொஞ்சம் இடப்பக்கமாக நகர்ந்து
மறுபடி சொன்னேன்.